துடைத்த மேசை

அக்கரையில், மூன்றாம் மாடிப் பால்கனியில் நின்று என் பெரியம்மா தினமும் மாலையில் மஞ்சள் துண்டை வீசுவாள். இக்கரையில், எங்கள் வாசலில் நின்று அம்மாவும் பதிலுக்கு வீசுவாள். நடுவே ஆறு. பஸ்ஸில் சுற்றிப் போனால் அரைநாள் ஆகும். முழங்கால் போனபிறகு அம்மாவால் அதுவும் முடியவில்லை. போனில் பேசினாலும் அக்காவைக் கட்டிக்கொள்ள முடியுமா?

பெரியம்மாவுக்குப் பாலங்கள் வாரியத்தில் வேலை, தலைவருக்கு உதவியாளர். எங்கள் ஆற்றுக்கு நடைபாலம் கட்டும் கோப்பு அவள் அறைக்குத்தான் வந்து வந்து போகும். அந்தப் பாலம் அவள் கனவிலும் வரும். பனிமூட்டம், காலடியில் மெல்ல அசையும் பலகைகள், நடுவில் அம்மா சின்னப் பெண்ணாக நின்று கை நீட்டுவாள்.

தலைவர் பதவி கட்சிக்காரர்களுக்கு. தேர்தலில் சீட்டுக் கிடைக்காமல் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டவர்களைச் சமாதானப்படுத்த வேறு என்ன இருக்கிறது? ஒருவர் பாலத்தைத் தன் சினிமா தியேட்டர்ப் பக்கம் தள்ளிப் போடச் சொன்னார். அடுத்தவர் அமைச்சரின் மச்சான். நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டதோடு சரி. பாலம் பற்றிக் கேட்டால், "பாத்துக்கலாம்மா" என்பார். நன்றாகத்தான் பார்த்தார், ஆற்றை.

தலைவர் மாறுகிறார் என்று காற்றுவாக்கில் செய்தி வந்தால் போதும், கையெழுத்தாகாத கோப்பெல்லாம் கிளம்பிய இடத்துக்கே இறங்கிவிடும். வருகிறவருக்கு மேசை காலியாக இருக்க வேண்டும், அதுதான் அங்கே வழக்கம். அதில் பெரியம்மாவை மிஞ்ச ஆளில்லை.

பிறகு வந்தார் லாரி முதலாளி. கூட்டத்துக்கு ஆள் ஏற்ற லாரி கொடுத்ததற்குக் கிடைத்த பதவி. எங்களுக்கெல்லாம் ஒரே சிரிப்பு. அந்த மனிதரோ எங்கள் வாசலுக்கே வந்து ஆற்றைப் பார்த்துவிட்டு அம்மாவிடம், "இத்தன வருஷமா இதக் கட்டவிடாம யாரும்மா தடுத்தது?" என்று கேட்டார். அந்த மழைக்காலம் முடிவதற்குள் கோப்பு அவர் மேசைக்கு ஏறிவிட்டது.

"நாளைக்குக் காலைல கையெழுத்து" என்றார் பெரியம்மாவிடம்.

அன்று விடிகாலையிலும் அதே கனவு. அதன் மயக்கம் தெளியாமலே பெரியம்மா அலுவலகம் வந்தாள். வந்ததுமே யாரோ சொன்னார்கள், தலைவர் மாறுகிறாராம். அவள் கை தானாக வேலையைத் தொடங்கியது. கோப்புகளைக் கட்டினாள், கீழே அனுப்பினாள், ஈரத்துணியால் மேசையைத் துடைத்தாள். கொஞ்ச நேரத்தில் பேனாவைத் திறந்தபடியே லாரி முதலாளி உள்ளே வந்தார். செய்தி பொய்.

"ஃபைல் எங்கம்மா?"

பளபளத்த மேசையில் அவர் முகம் தெரிந்தது. இறங்கிய கோப்பு மறுபடி முதல் மேசையிலிருந்துதான் ஏற வேண்டுமாம், விதி. அது பாதி ஏறுவதற்குள் அந்தப் பொய் மெய்யாகி, அவரை நிஜமாகவே மாற்றிவிட்டார்கள். கோப்பு மீண்டும் கீழே போனது.

அவர் மாறிய அன்று மாலை அக்கரையில் துண்டு அசையவில்லை. கோப்பு இறங்கிய கதை எங்கள் காதுக்கும் வந்திருந்தது. அம்மா போன் போட்டாள்.

"கையெழுத்துப் போடற நேரத்துல அதக் கீழ அனுப்புன பாவி யாருக்கா?"



"நான்தான்டி."

அம்மா போனை என் கையில் திணித்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். ஆத்திரம் தாங்காமல் சத்தம்போட்டு அழுதாள். அழுதுகொண்டே கொடியில் கிடந்த துண்டை உருவி வீசினாள். அக்கரை மங்கிக்கொண்டிருந்தது. அங்கே மஞ்சளாக ஏதோ அசையும்வரை வீசிக்கொண்டே இருந்தாள்.