தூங்கவிடாத பாய்

குன்றின் அடிவாரத்தில் சாப்பாட்டுக்கடை நடத்தும் அம்மாளுக்குக் கைகள் சும்மா இருப்பது பிடிக்காது. சோறும் பருப்பும் பரிமாறி முடித்ததும் சாயமேற்றிய கோரையோடு அமர்ந்துவிடுவார். மேலே, பாறையைக் குடைந்த குகையில் படுத்திருக்கும் புத்தரின் முகத்தைச் சிறு பாய்களில் நெய்வார். குகையைப் பார்த்துவிட்டு இறங்குபவர்கள் பாயைக் கண்டதும் சிரிப்பார்கள். மனம் குளிர்ந்து சிரிக்கிறார்கள் என்று அம்மாள் எண்ணிக்கொள்வார்.

அந்த முகத்தை அவர் ஒருமுறைகூடக் கண்டதில்லை. குகை வாசலில் ஆளுயரக் கண்ணாடியை நிறுத்தி, வெயிலை உள்ளே திருப்பிவிடுபவர் அவருடைய கணவர். நண்பகலில் கால்மணி நேரம் மட்டுமே வெயில் அதற்கு வாகாக விழும். கடையில் கூட்டம் நெரிவதும் அப்போதுதான். ஆகவே, கணவர் சொன்ன அடையாளங்களைக் கொண்டே இருபது ஆண்டுகளாக நெய்துவந்தார்.

நாளை முழங்காலில் அறுவைச் சிகிச்சை. இனிக் குன்றேறவே கூடாதென்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அம்மாள் இன்று கடையைச் சாத்தினார். இருநூறு படிகளையும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார்.

“சீக்கிரம் உள்ளே போ, வெயில் நகருது!” என்றார் கணவர்.

“ஏறி வந்தவளுக்கு ஒரு வாய் தண்ணி கிடையாது. அதிகாரத்தைப் பாரு!”

“தண்ணி எங்கேயும் போகாது. சூரியன் நிப்பாரா?”

அம்மாள் உள்ளே சென்றார். வெளிச்சம் கல் பாதங்களில் தொடங்கி, மடிப்பு மடிப்பாக ஆடையில் ஊர்ந்து, முகத்தில் நின்றது.

“என்ன, முகம் தெரியுதா?” என்று வெளியிலிருந்து கேட்டார் கணவர்.

“என்னங்க, கண்ணு மூடியிருக்கே!”

“வெயில் கூசுதா? திறந்து பாரு.”

“எனக்கில்லைங்க, புத்தருக்கு! திறந்திருக்குன்னுதானே சொன்னீங்க?”

கணவரின் முகம் சுண்டிவிட்டது. “காலையில பெருக்கும்போது இருட்டுல அப்படித்தான் தெரிஞ்சுது...”

வெளிச்சம் விழும் நேரமெல்லாம் அவர் கண்ணாடியின் முதுகுக்குப் பின்னால் அல்லவா நிற்கிறார்! அந்த முகத்தை வெளிச்சத்தில் அவரும் கண்டதில்லை. அம்மாளுக்கு அது அப்போதுதான் உறைத்தது. சுவரைப் பிடித்து நொண்டிக்கொண்டே வெளியே வந்தார்.

“நகருங்க. நான் பிடிக்கிறேன், நீங்க போய்ப் பாருங்க.”

“உனக்குக் கால் வலிக்குமே...”

“கண்ணாடியைக் காலாலயா பிடிக்கப்போறேன்?”

அவர் உள்ளே போனார். “ஏ, என் மண்டையில வெயில் காயுது. மேலே தூக்கு!”

“காயட்டும். இப்பவாவது உள்ளே வெளிச்சம் ஏறட்டும்.”

“இன்னும் மேலே... அவ்வளவுதான். அசைக்காதே.”

உள்ளே அவருடைய காலடிகள் புத்தரின் முகத்தருகே சென்று நின்றன.

“ஆமா,” என்று உள்ளிருந்து குரல் வந்தது. “நல்லாத் தூங்குறாரு.”

“பாவம், இருபது வருஷமா நாம அவரைக் கண்ணசர விடலையே!”

இத்தனை காலமாகப் பாயைப் பார்த்தவர்கள் ஏன் சிரித்தார்கள் என்பது அம்மாளுக்கு விளங்கியது, அவரும் சிரித்தார். வெயில் இன்னும் சிறிது நேரம் இருந்திருக்கும். ஆயினும், தொட்டிலருகே விளக்கைத் தணிப்பவரைப் போல, கண்ணாடியை மெல்லத் தரைப்பக்கம் சாய்த்தார்.

“போதும், வாங்க. இனி அவர் தூங்கட்டும்.”