இயற்கை மூலைத் திறப்பு விழா

எங்கள் பள்ளிக்கு இயற்கை ஒரு மினி லாரியில் வந்து இறங்கியது. மூன்று அட்டைப்பெட்டிகள். ஒக்கூரில் பூர்வீக வீடும் சென்னையில் குடித்தனமும் உள்ள ஆச்சி ஒருவர், பிள்ளைகளுக்குச் சுற்றுச்சூழல் அறிவு வளரட்டும் என்று நன்கொடையாக அனுப்பியிருந்தார். நான் அறிவியல் ஆசிரியன், சுற்றுச்சூழல் மன்றத்துக்கும் பொறுப்பு என்பதால் பெட்டிகளைப் பிரிக்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. பளபளவென்று லேமினேஷன் செய்த அட்டைகளில் பனிக்கரடி, பென்குயின், மேப்பிள் இலை. சிவகங்கை மாவட்டத்துப் பிள்ளை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய பனிமான்கூட இருந்தது. கரிச்சான் குருவி இல்லை, உடும்பு இல்லை. தலைமையாசிரியர் பனிக்கரடியைத் தடவிப் பார்த்து, "குவாலிட்டி சார்!" என்றார்.

வகுப்பறை ஒன்றில் 'இயற்கை மூலை' அமைத்து, ஆச்சி கையாலேயே திறப்பது என்று முடிவாயிற்று.

அந்த வகுப்புக்கு வெளியே, வாசலை ஒட்டி, கேட்பாரற்று ஓர் எருக்கஞ்செடி நின்றது. ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி மதிய இடைவேளை முழுக்க அதன் முன்னால்தான் குத்தவைத்திருப்பாள். இலைக்கடியில் ஒரு கூட்டுப்புழு தொங்கியது. பச்சை நிறம், அதில் தங்கத்தால் பொட்டு வைத்ததுபோல் புள்ளிகள். முட்டையாக இருந்த நாளிலிருந்து தினமும் படம் வரைந்து தேதி போட்டு வைத்திருந்தாள். விழாவுக்கு முதல் நாள் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"சார், கூடு கண்ணாடி மாதிரி ஆயிருச்சு. உள்ள ரெக்கை தெரியுது. நாளைக்குக் காலையில வந்துரும். ஆச்சிக்குக் காட்டலாமா சார்?"

"காட்டலாம்த்தா" என்றேன்.

பெரிய மனிதர் வருகிறார் என்றால் எங்கள் ஊரில் மண்ணைக்கூடத் துடைத்து வைப்போம். புல் பூண்டு இல்லாமல் செதுக்கி, தண்ணீர் தெளித்து, கோலம் போட்டால்தான் மரியாதை. அன்று மாலை வேலையைப் பார்வையிட வந்த தலைமையாசிரியர் எருக்கைக் கண்டதும் முகம் சுளித்தார்.

"நல்ல காரியம் நடக்கிற இடத்துல எருக்கா? பாழடைஞ்ச வீட்டுலதான சார் இது நிக்கும்! ஆச்சி பார்த்தா என்ன நினைப்பாக? வெட்டச் சொல்லுங்க."

ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். ஆனால் மச்சினன் வீட்டுக் காதுகுத்துக்கு நான் கேட்டிருந்த இரண்டு நாள் விடுப்பு விண்ணப்பம் கையெழுத்தாகாமல் அவர் மேசையில் கிடந்தது. துப்புரவுப் பணியாளரைக் கூப்பிட்டு, "அதையும் எடுத்துருங்க" என்றேன். இரண்டே வெட்டு. குப்பையோடு சேர்த்துக் கொளுத்தியும் விட்டார்கள்.

மறுநாள் ஆச்சி கோலத்தை மிதிக்காமல் சுற்றி வந்து ரிப்பன் வெட்டினார். வண்ணத்துப்பூச்சி அட்டை ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு பிள்ளைகளிடம் பிரியமாகக் கேட்டார்: "கூட்டுப்புழுவை யாராச்சும் நேர்ல பார்த்திருக்கீகளா?"

அந்தப் பெண் எழுந்தாள். "நான் பார்த்திருக்கேன் ஆச்சி. பச்சையா, தங்கப் புள்ளியோட இருக்கும்."

"அடடே! எங்கத்தா பார்த்த?"

"வாசல்ல கோலம் போட்டிருக்காகள்ல, அங்குட்டுத்தான் ஆச்சி. நேத்து சார் செடிய வெட்டச் சொல்லிட்டாக."

தலைமையாசிரியர் அவசர அவசரமாகக் கைதட்டினார். எல்லாரும் தட்டினார்கள். நானும் தட்டினேன். அடுத்து, சுற்றுச்சூழல் மன்றப் பொறுப்பாசிரியருக்குப் பொன்னாடை என்று மைக்கில் அறிவித்தார்கள். ஆச்சி என் முகத்தைப் பார்க்காமலே போர்த்திவிட்டார். அந்தப் பெண் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்கமாக இருந்தது. பொன்னாடையை இன்னும் நன்றாக இழுத்துப் போர்த்திக்கொண்டு போட்டோவுக்கு நின்றேன்.