மணியன் கட்டிய முதல் வண்டி

மணியன் ஒரு காலத்தில் அப்புசாமிக்கு நாலாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தார். தொண்ணூற்றாறில் பட்டறை போட்ட புதிதில் வாங்கிய காசு அது. மூணே மாசத்தில் வட்டியோடு தீர்த்துவிட்டார். அன்றிலிருந்து இன்றைக்கு வரைக்கும் ஒருத்தருக்கும் ஒத்தப் பைசா பாக்கி வைத்ததில்லை என்று டீக்கடையில் சொல்வார், கல்யாணப் பந்தியில் சொல்வார், கேட்காதவனையும் நிறுத்தி வைத்துச் சொல்வார். சொல்லட்டுமே. அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர், நாமக்கல்லில் சொந்த இடத்தில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்து, சனிக்கிழமை தவறாமல் பதினாலு பேருக்குச் சம்பளம் போடுகிறார் என்றால் அது சும்மா வந்துவிடுமா?

அப்படிப்பட்ட மனுசனுக்குத்தான் ஆனி மாசம் தொழிலாளர் ஆபீஸிலிருந்து ஒரு தபால் வந்தது. பத்தாவது படித்த முத்தாயம்மாள் அதைப் புருசனுக்கு வாசித்துக் காட்டினாள். பட்டறையில் இருபத்தெட்டு வருசம் கட்டை வேலை பார்த்த அப்புசாமி, வேலையை விட்டு நின்றதற்குச் சட்டப்படி வர வேண்டிய பணிக்கொடையைக் கேட்டிருந்தார். வருசத்துக்குப் பதினைந்து நாள் கூலி, நாளுக்குத் தொள்ளாயிரம், மொத்தம் மூணு லட்சத்து எழுபத்தெட்டாயிரம் பாக்கி.

பாக்கி என்ற அந்தச் சொல், உள்ளங்கையில் ஏறிய மரச்சிராய் மாதிரி மணியனுக்குள் ஏறிக்கொண்டது.

தை மாசம் அப்புசாமி முட்டி வலியால் நின்றபோது மணியன் ஒன்றும் வெறுங்கையோடு அனுப்பவில்லை. வேட்டி, சேலை, இருபதாயிரம் ரொக்கம் கொடுத்துக் காரில் கொண்டுபோய் விட்டார். அதோடு கணக்கு முடிந்தது என்றுதான் இருந்தார்.

"ஊட்டுக்கு வந்து கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டனா? நேரா ஆபீஸுக்குப் போயிட்டானே" என்றார்.

"மாசி மாசம் இதே வாசல்ல நின்னு கேட்டாருங்க. கட்டை அறுக்கறவனுக்கு ஏதுடா பணிக்கொடைன்னு நீங்கதான் சிரிச்சீங்க" என்றாள் முத்தாயம்மாள்.

மணியன் சோத்துத் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிட்டார்.

வக்கீல் சரவணக்குமார் கவலைப்படாதீர்கள் என்றார். அப்புசாமி பேர் பட்டறை ரிஜிஸ்டரிலேயே இல்லை. இருக்காது. ஒன்பது பேருக்கு மேல் எழுதினால் சட்டம் தேடி வந்துவிடும் என்று ஆரம்பத்திலேயே யாரோ சொல்லிக்கொடுத்ததை மணியன் விடாமல் காப்பாற்றி வந்தார். அதனால் விசாரணையில் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்: அப்புசாமி வண்டிக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம் பேசி, வேலை இருந்தால் வந்துபோனவர். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று வக்கீல் ரெண்டு தரம் சொல்லி அனுப்பினார்.

அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு மணியன் பட்ட பாடு கொஞ்சமல்ல. பட்டறையில் அவரால் உட்கார முடியவில்லை. சரியாக இருக்கும் போல்ட்டைக் கழற்றித் திரும்ப முறுக்கினார். புது ஆசாரி போட்ட கேபின் கதவை மூணு தரம் சாத்திப் பார்த்துவிட்டு, சத்தம் சரியில்லை என்று எரிந்து விழுந்தார். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய், என்ன வேலையாக வந்தோம் என்று தெரியாமல் திரும்பி வந்தார். பொய் சொல்லத் தெரியாதவர் அல்ல அவர். தொழில் என்றால் பத்துக்கு ரெண்டு பொய் இருக்கும். ஆனால் இந்தப் பொய்யை எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் உறுத்தியது.

புரட்டாசியில் விசாரணை. மாடிப்படி ஏறிப் போனால், வெளி பெஞ்சில் அப்புசாமியும் அவர் சம்சாரம் செல்லாயியும் உட்கார்ந்திருந்தார்கள். மணியனைப் பார்த்ததும் அப்புசாமி பழக்கதோசத்தில் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். வழக்கும் போட்டுவிட்டு மரியாதையும் பண்ணுகிறானே என்று மணியனுக்கு இன்னும் எரிச்சலாக வந்தது.

உள்ளே சத்தியம் வாங்கினார்கள். வாக்கியத்தைப் பிசகாமல் சொல்லிவிட்டார். சரவணக்குமார் திருப்தியாகத் தலையாட்டினார்.

அப்புறம் அப்புசாமியின் வக்கீல் எழுந்தாள். ஸ்ரீதேவி என்று சின்னப் பெண், ராசிபுரத்து நெசவுக்காரர் மகள். கையில் இருந்த காகிதக் கட்டை மேசைமேல் வைத்துவிட்டு, "அய்யா, ஒங்க பட்டறை வண்டின்னா தனி மதிப்புங்கறாங்க. மொத வண்டிய எப்படிங்க கட்டினீங்க?" என்று கேட்டாள்.

சரவணக்குமார் இருமினார். மணியனுக்கு அது காதில் விழவில்லை. இருபத்தெட்டு வருசத்தில் இந்தக் கேள்வியை யாரும் இவ்வளவு மரியாதையாகக் கேட்டதில்லை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

தகரக் கொட்டகையில் ஆரம்பித்தார். சங்ககிரிக்காரர் ஒருத்தர் எஞ்சினும் சக்கரமும் மட்டும் இருந்த வெறும் சேஸிஸைக் கொண்டுவந்து நிறுத்தியதைச் சொன்னார். மரம் வாங்க நாலாயிரம் குறைந்ததையும், செல்லாயியின் தோட்டை அடகு வைத்து அப்புசாமி அதைக் கொடுத்ததையும், ரெண்டு பேருமாக ஏழு நாள் தூங்காமல் இழைத்து எட்டாம் நாள் வண்டியை அனுப்பியதையும் சொன்னார். நாமக்கல்லில் கதவு சாத்துகிற சத்தத்தைக் கேட்டே இது மணியன் பட்டறை என்று சொல்லிவிடுவார்கள் என்றார்.

"அந்தக் கதவெல்லாம் யாருங்க போட்டது?"

"அப்புசாமிதான். இருபத்தெட்டு வருசத்துல அவன் கை படாம ஒரு வண்டி வெளிய போனதில்ல. நான் உட்டதில்ல."

"வேற பட்டறையில கூப்பிட்டிருப்பாங்களே?"

"கரூர்க்காரன் ரெட்டைக் கூலி தரேன்னு வந்து நின்னான். போனா கால ஒடச்சுருவேன்னு சொன்னேன். எந்த ஆளு எந்த வேலை செய்யணும்னு என் பட்டறையில நான்தானுங்க சொல்லுவேன்."

"அவ்வளவுதாங்க அய்யா" என்று ஸ்ரீதேவி உட்கார்ந்துவிட்டாள்.

அப்போதுதான் தட்டச்சுச் சத்தம் நின்றது மணியனுக்குத் தெரிந்தது. அதிகாரி, பதிவானதை முழுக்க வாசித்துக் காட்டி, மாற்ற வேண்டியது இருந்தால் இப்போதே சொல்லுங்கள் என்றார். பதட்டத்தில் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று சொல்லுங்கள் என சரவணக்குமார் காதோரம் முணுமுணுத்தார்.

மணியன் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். திரும்பவும் துடைத்தார். அப்புசாமி வந்துபோன ஆள் என்றால் அந்த முதல் வண்டியை யார் கட்டினது? கதவுச் சத்தம் யாருடையது? அப்புசாமியை உருவிவிட்டால் தன் கதையில் மிச்சம் என்ன நிற்கும்? சேஸிஸ் இல்லாத பாடி ரோட்டில் நிற்குமா? வழக்கில் ஜெயித்து வெளியே போனாலும், நாளைக்கு டீக்கடையில் எந்த வாயால் அந்தக் கதையைச் சொல்வது?

"மாத்த ஒண்ணுமில்லைங்க. நடந்ததத்தான் சொன்னேன். மொதல்ல ஒப்பந்தம்னு சொன்னதுதான் தப்பு" என்று சொல்லிவிட்டு, எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டார்.

படியிறங்கும்போது, உத்தரவு பாதகமாக வந்தாலும் அப்பீல் போட்டு ரெண்டு வருசம் இழுக்கலாம் என்றார் சரவணக்குமார். ரெண்டு வருசம் இந்தச் சிராயோட நான் திரியறதா என்று கேட்டார் மணியன். நாலாம் நாள் மூணு லட்சத்து எழுபத்தெட்டாயிரத்துக்கு டிடி எடுத்துக்கொண்டு அதே மாடிக்கு வந்து அதிகாரியிடம் கொடுத்தார். தகவல் தெரிந்து அப்புசாமியும் ஸ்ரீதேவியும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். எட்டு மாசத்து வட்டி, நூற்றுக்குப் பத்து வீதம், இருபத்தஞ்சாயிரத்து இருநூறு ஆகிறது என்று ஸ்ரீதேவி நினைவுபடுத்தினாள். வட்டிக்கு உத்தரவு இன்னும் வரவில்லை என்று சரவணக்குமார் குறுக்கே புகுந்தார்.

"சும்மா இருங்க வக்கீலே. நாலாயிரத்துக்கே வட்டி குடுத்தவன் நானு" என்றார் மணியன். சட்டைப் பையில் ரொக்கம் எடுத்துத்தான் வந்திருந்தார்.

அப்புசாமி எழுந்து பக்கத்தில் வந்தார். என்ன பேசுவதென்று தெரியாமல், "ஏனுங்க மொதலாளி, புது ஆசாரி கதவு ஒழுங்கா போடறானுங்களா?" என்று கேட்டார்.

"எங்க போடறான். தகர டப்பா மாதிரி அடிக்குது. கையை நீட்டு அப்பு."

அப்புசாமி ரெண்டு கையையும் குவித்து நீட்டினார்.

"ஒரு கை போதும். நல்லா விரிச்சுப் புடி, எண்ணறது தெரியணும்."

காய்ப்பு ஏறிய வலது உள்ளங்கை விரிந்தது. மணியன் விரலை நாக்கில் தொட்டுக்கொண்டு, ஐந்நூறு ரூபாய் நோட்டுகளை ஒவ்வொன்றாக வாய்விட்டு எண்ணி வைத்தார். நடுவில் எண்ணிக்கை தவறியது. எல்லாவற்றையும் திரும்ப எடுத்து, ஒன்றிலிருந்து ஆரம்பித்தார். ஐம்பது ஆனதும் ரெண்டு நூறு ரூபாய்த் தாளை அதன் மேல் வைத்து, அப்புசாமியின் விரல்களைப் பிடித்து மடக்கிவிட்டார்.