ஐம்பத்தைந்து வாட்டில் டோவ்ரே மலை

போன நவம்பரில் த்ரொண்ட்ஹைமில் தம்பியின் மகளுக்குத் திருமுழுக்கு. ஞாயிறு காலை பதினொரு மணி. ஞானத்தாய் நான், ஞானத்தகப்பன் அக்காவின் கணவர். நான் இருக்கும் லோறென்ஸ்கூக்கிலிருந்து ஏறக்குறைய ஐந்நூறு கிலோமீற்றர், இடையில் டோவ்ரே மலை. கேக்கும் என் பொறுப்பு. அந்தக் கிழமை பார்த்துத்தான் என் காரின் முன்விளக்கு ஒன்று செத்துப்போனது.

அத்தான் இணையத்தில் வாங்கிய நூறு வாட் பல்புகளில் ஒரு சோடியை எனக்கும் கொண்டுவந்தார். தன் காரில் ஏற்கெனவே பூட்டிவிட்டார்.

“ஐம்பத்தைஞ்சு வாட்டிலை மலையிலை என்னத்தைப் பாக்கப்போறாய்? மான் நிண்டாலும் தெரியாது.”

“என்ரை வயர் ஐம்பத்தைஞ்சுக்குப் போட்டது, அத்தான்.”

கணக்கு லேசு. வாட்டைப் பன்னிரண்டு வோல்ற்றால் பிரித்தால் அம்பியர். ஐம்பத்தைந்துக்கு நாலரை, நூறுக்கு எட்டுக்கு மேல். பத்து அம்பியர் பியூஸ் அதைத் தாங்கிவிடும், பல்பைச் செருகும் பிளாஸ்டிக் பிடி தாங்காது. ஸ்ட்ரோம்மனில் ஒரு கடையில், காரின் கையேட்டில் சொன்ன எச்-7 ரக ஐம்பத்தைந்து வாட் பல்பு இரண்டு வாங்கினேன். கண்ணாடியில் விரல் படாமல் நானே பூட்டினேன். எல்இடி வேண்டாம் என்று விட்டேன். அது இழுக்கும் மின்சாரம் குறைவென்பதால், பல்பு போய்விட்டது என்று கார் முறையிடக்கூடும். உங்கள் காருக்கு அனுமதி உண்டா என்றும் பார்க்கவேண்டும்.

சனி காலை பதினொன்றுக்கு இரண்டு கார்களும் புறப்பட்டன. நாலு மணிக்கே கும்மிருட்டு. முன்னால் அத்தானின் கார் ஊரையே வெளிச்சமாக்கிக்கொண்டு போனது. எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். மலையடிவாரத்து டொம்போஸை நெருங்கும்போது அவருடைய வலது விளக்கு மினுங்கி அணைந்தது. பெற்றோல் நிலையத்துக்குள் திரும்பும்போது இடதும் போனது. மூடியைத் திறந்தால் கருகிய பிளாஸ்டிக் நாற்றம். பல்புகள் இரண்டும் நல்ல சுகம், பிடிகள்தான் உருகியிருந்தன. அந்த நேரத்தில் திருத்த ஆளில்லை. மலை இனித்தான் இருந்தது.

அவர்களுடைய காரை அங்கேயே விட்டோம். என் காரில் அக்கா பின்னால் பெட்டிகளோடு, அத்தான் முன்னால் கேக்கை மடியில் வைத்துக்கொண்டு.

“கேக்கை நசிச்சுப்போடாதேங்கோ,” என்றாள் அக்கா.

“ஓம், ஓம்.”

அதற்குப் பிறகு இருநூறு கிலோமீற்றரும் அவர் கேக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தார். பனி தூறிய டோவ்ரேயில் என் இரண்டு விளக்குகளும் வீதியை ஒழுங்காகக் காட்டின. பெருமையாக இருந்தது, ஏன் மறைக்கவேணும்.

குளிர்காலத்தில் இந்தப் பாதையில் போகிறவர்கள் பல்பைச் சோடியாக மாற்றுங்கள். கையேட்டில் உள்ள வாட்டுக்கு மேல் போகாதீர்கள்.

மறுநாள் கோவிலில் சுவாமியார் பிள்ளைக்கான மெழுகுதிரியை ஏற்றி ஞானத்தகப்பனான அத்தானிடம் கொடுத்தார். அவர் என் பக்கம் மெல்லச் சாய்ந்தார்.

“இது எத்தினை வாட்?”

“பிள்ளைக்கு இது போதும், அத்தான்.”