ஆலா முட்டைக்கு நட்ட கொடி

அந்தக் காலையில் கேளம்பாக்கம் உப்பங்கழி மணல் திட்டில் நின்றவர்கள்: எங்கள் தாம்பரம் பறவைக் குழுவின் தலைவர் சார், தையல்கடை பரீதா அக்கா, தண்ணீர் லாரி ஓட்டும் நான்.

ஆலா கடல் பறவை. கூடு கட்டாது, வெறும் மணலில் முட்டையிடும். முட்டையும் மணல் நிறம். யாரும் மிதித்துவிடக் கூடாது என்று சார் சொன்னதால், முந்தின நாள் முட்டை கிடந்த இடமெல்லாம் சிவப்புக் கொடி நட்டிருந்தோம்.

இப்போது காக்கைகள் கொடி கொடியாகப் போய் முட்டைகளைத் தின்றுகொண்டிருந்தன. ஆலாக்கள் தலைக்கு மேல் கத்தின.

“தம்பி, கொடியப் பாத்துத்தான் காக்கா வந்துகினு கீது. புடுங்கு!” என்றார் அக்கா.

சார் தடுத்தார். “பத்து மணிக்கு டிவிக்காரங்க வர்றாங்கப்பா. கொடி இல்லாம என்னத்தக் காட்டறது?”

“காக்கா ஏப்பம் வுடும், அதக் காட்டு சார்.”

நானும் அக்காவும் எல்லாவற்றையும் பிடுங்கினோம். டிவிக்காரர்கள் வந்ததும் சார் அந்தக் கொடிகளையே கையில் பிடித்துக்கொண்டு, பறவைகளைக் காப்பாற்றிய கதையைச் சொன்னார்.

பறவை பார்க்க வருகிறவர்கள் நல்லவர்கள் என்று அதுவரை நினைத்திருந்தேன். காக்கையாவது பசிக்குத் தின்றது.

மிஞ்சிய முட்டை ஒன்பது.