முத்துராணியின் கம்பி பிரஷ்

மணிமுத்தாறு அருவிக்கரையில் முத்துராணியிடம் திட்டு வாங்காதவர் யாராவது உண்டென்றால், அவர் இன்னும் அருவிக்கே வரவில்லை என்று அர்த்தம். பாறையில் பேர் எழுதுகிறவர்களைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. எழுதினதை அழிப்பது அவளுக்குச் சம்பள வேலை; திட்டுவது அவளாகச் செய்கிற தர்மம். நான் செல்லக்கிளி, பக்கத்தில் கொய்யாப்பழம் விற்கிறேன். அவள் வாயைக் கேட்டுக்கொண்டே எனக்குப் பொழுது போய்விடும்.

பெயிண்டைக் கரைக்கிற தின்னரை ஊற்றிக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டே ஒவ்வொரு பேராக வாசிப்பாள். "ஏளா, இந்தக் கரிமுடிவான் போன வருசம் வேற ஒருத்தி பேரையில்லா எழுதியிருந்தான்!" எவனாவது போன் நம்பரையும் சேர்த்து எழுதிவிட்டுப் போனால் தொலைந்தான். அங்கேயே உட்கார்ந்து போன் போடுவாள். "இது என்ன ஒங்கம்மா சீருக்குக் கொண்டாந்த பாத்திரமாலே, பேரு வெட்டி வைக்க?" பாளையங்கோட்டைக்காரன் ஒருத்தன் பயந்துபோய், பஸ் ஏறி வந்து அவனே அழித்துவிட்டுப் போனான்.

புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு இந்த வேலையை வைத்துத்தான் மகள் நித்யாவை ஆளாக்கினாள். நித்யா அம்பாசமுத்திரத்தில் ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். வருகிற மாப்பிள்ளைகளையெல்லாம் வேண்டாம் என்று தட்டிக் கழித்தாள். காரணம் கேட்டால் வாயைத் திறக்க மாட்டாள். "எனக்கு ஒண்ணுன்னா இவளுக்கு யாரு இருக்கா?" என்று முத்துராணி என்னிடம் புலம்பாத நாள் கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கூட்டம் இன்னும் வரவில்லை. பாறைப் பக்கம் போன முத்துராணியிடமிருந்து சத்தமே இல்லை. பாம்பு கீம்பு கடித்துவிட்டதோ என்று பதறி ஓடினேன். பாறையில் ரோஸ் நிறத்தில், குண்டு குண்டாக, 'நித்யா – பெருமாள்ராஜ்' என்று எழுதியிருந்தது. நடுவில் இதயம் வேறு.

நித்யா ஊருக்கு நாலு பேர் உண்டு. பெருமாள்ராஜ் அங்கே ஒருத்தன்தான். கீழேயிருந்து அருவிக்கு ஆள் ஏற்றி வருகிற வேன் டிரைவர், வாயில்லாப் பூச்சி.

"யக்கா யக்கான்னு கூப்பிட்டுக்கிட்டே எம் புள்ள பேரைச் சந்தி சிரிக்க வச்சிட்டானே!" என்று முத்துராணி, முதல் நடைக்குக் கீழே கிளம்பவிருந்த அவன் வேனைப் பார்த்து ஓடினாள். "ஏலே, எறங்குலே!"

கையைப் பிடித்து இழுத்து வந்து பாறை முன்னால் நிறுத்தினாள். அவன் வாசித்தான். மறுபடியும் வாசித்தான்.

"யக்கா, சத்தியமா நான் எழுதலை."

"பெறகு யாரு, பாறை தானா எழுதிக்கிட்டா? திட்டுதேன், சிரிக்கான் பாரு!"

சிரிக்கத்தான் செய்தான். திட்டு வாங்குகிறவன் முகம் அப்படியா மலரும்? எனக்குச் சந்தேகம் வந்தது. குனிந்து எழுத்தைச் சுரண்டிப் பார்த்தேன்.

"ஏளா முத்து, இது பெயிண்ட் இல்ல. நகப்பாலீஷ்."

முந்தின நாள் நித்யா அம்மாவுக்குச் சோறு கொண்டு வந்தபோது அவள் விரலில் இதே ரோஸ். நல்லாயிருக்குட்டி என்று நான்தான் சொன்னேன். முத்துராணியும் பார்த்தவள்தானே! அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வரன்களையெல்லாம் மகள் ஏன் தட்டினாள் என்பது இப்போதுதான் புரிந்தது. ஆனால் இந்தப் பையன் மனசில் என்ன இருக்கிறதோ, யார் கண்டது?

பிரஷ்ஷை அவனிடம் நீட்டினாள். "ஆள் வாரதுக்குள்ள அழிச்சிருலே. அவ ஒரு கோட்டிக்காரி, கிறுக்கு. நீ மனசுல வச்சிக்கிடாத."

பிரஷ்ஷை வாங்கிக்கொண்டான். சுற்றியிருந்த பேர்களையெல்லாம் பரபரவென்று தேய்த்தான். அந்த ரோஸ் எழுத்துப் பக்கம் மட்டும் கை போகவே இல்லை.

"அதையும் அழிலே!"

"மத்ததெல்லாம் நான் தேய்ச்சுத் தாரேன். இது சாயங்காலம் வரைக்கும் இருக்கட்டும். எங்கம்மாவைக் கூட்டிட்டு வந்து காட்டணும், அத்தை."

அத்தையாம்! யக்கா போய் அத்தை வந்துவிட்டது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அருவிச் சத்தத்தையும் மீறிக் குலவை போட்டேன்.

முத்துராணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவன் கையிலிருந்த பிரஷ்ஷைப் பிடுங்கினாள்.

"ஒங்கம்மாவைப் பைய வரச் சொல்லுலே. இங்கன பாறை வழுக்கும்."