கூரை தூக்கும் வேன்

எங்கள் வயலைச் சாகுபடி செய்த குத்தகைக்காரரோடு வழக்கு நடந்த வருஷங்களில், நானும் என் மனைவியும் சேர்ந்து வெளியூரில் தங்கியதே இல்லை. வீட்டைப் பூட்டிக்கொண்டு போனால் அவர் வயலில் குடிசை போட்டுவிடுவார் என்று பயம். கடைசியில் ராஜியாகி, நிலத்தைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம். அதன் பிறகுதான் ஒரு பழைய வேன் வாங்கினேன். கூரையைத் தூக்கினால் கித்தான் சுவரோடு உள்ளே படுக்கை விரியும்.

வீட்டை ஒட்டிய களத்தில் நிறுத்தி, ஆளுக்கொரு பக்கம் தூக்கிப் பார்த்தோம். என் பக்கம் எழும்பியது. அவள் பக்கம் துருப்பிடித்து அசையவில்லை. தன் வயலில் நின்றிருந்த குத்தகைக்காரர் வரப்போடு நடந்து வந்தார். வழக்கு தொடங்கியதிலிருந்து எங்களோடு பேசாதவர்.

"நீங்க விடுங்கம்மா, நான் தூக்குறேன்" என்று தோள் கொடுத்தார். கிறீச்சிட்டபடி கூரை எழுந்தது. கித்தானில் எலி கடித்த ஓட்டைகள் வழியாக உள்ளே வெயில் விழுந்தது. மூன்று பேருமே சிரித்துவிட்டோம்.

"எங்க போறீங்க?" என்றார்.

"பூம்புகாருக்கு. ரெண்டு நாள் தங்கலாம்னு" என்றாள் அவள்.

"போய்ட்டு வாங்க. ஒங்க வயலுக்கும் நானே தண்ணி வச்சிடுறேன். வீட்டையும் பாத்துக்கிறேன்."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு வீட்டுக்குள் போய்ச் சாவியை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தாள்.

பூம்புகாரில் கடலைப் பார்க்க நிறுத்திக் கூரையைத் தூக்கினோம். காற்றில் கித்தான் படபடத்தது. பக்கத்து ஊர்க் கல்யாணத்தில்கூட வீட்டு நினைப்பாகவே உட்கார்ந்திருப்பவள், சாப்பிட்ட கையோடு படுத்து, சாயங்காலம் வரை அசையாமல் தூங்கினாள். நான் எழுப்பவில்லை.